சங்கக்கடைப் போத்தலும் சுவையின் மதிப்பும்
யாழ்ப்பாணத்து மலிவுக் குடிவகைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பொருளியல் வரலாற்றை எழுதப் புகுந்தோர் புகையிலையைப் பற்றியும் மிளகாய், வெங்காயச் செய்கையைப் பற்றியும் விரிவாகவே எழுதியுள்ளனர். அக்காணிகளில் வெயிலிலே நின்று உழைத்தவன் நாவறண்டபோது எதனைக் குடித்தான், அதற்கு என்ன விலை கொடுத்தான், அவ்விலையில் எப்பங்கு யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படவில்லை. குடிவகை அற்பப் பொருள் என்பது காரணமாகலாம். ஆயினும், மலிவான குடிவகை சுவையிலும் தாழ்ந்தது என்ற எண்ணம் இம்மண்ணிலே எவ்வாறு வேரூன்றிற்று என்பதை ஆராய்வோர்க்கு, அது அத்துணை அற்பமான பொருளன்று என்பது புலனாகும்.

கடைக்காரன் தன் பெயரைத் தானே பொறித்து மலிவாக விற்கும் குடிவகை இன்றைய பேரங்காடிகளின் புதுமை போலத் தோன்றும். உண்மையில் அதன் பழைய வரலாற்றின் ஓர் அத்தியாயம் இலங்கையிலேயே எழுதப்பட்டது. தோமஸ் லிப்ரன் அடிப்படையில் ஒரு மளிகைக் கடைக்காரர். கிளாஸ்கோவிலே தொடங்கிப் பல நகரங்களிற் கடை பரப்பிய அவர் 1890 இல் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகரை நீக்கி, தன் பெயர் பொறித்த பொதிகளிலே இறாத்தல் ஒரு சில்லிங் ஏழு பென்சாகத் தேயிலையை விற்றார். அக்காலத்திற் பிற கடைகளில் நல்ல தேயிலையின் விலை அதனிலும் மிக உயர்வு. இன்று உலகறிந்த வணிகப் பெயராய் விளங்கும் ஒன்று, பிறந்த வேளையில் மலிவுக் கடையின் சொந்தச் சரக்காகவே பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதற்கு இணையான மற்றொரு நிகழ்ச்சி, யாழ்ப்பாணத்தோடு நெருங்கிய உறவுடையது. 1844 டிசம்பரிலே இங்கிலாந்தின் றொச்டேல் நகரத்து நெசவாளரும் பிற தொழிலாளரும் கூடித் தமக்கெனக் கடையொன்று திறந்தனர். (இலங்கையிற் காகில்ஸ் வணிக நிலையம் தோன்றியதும் அதே 1844 ஆம் ஆண்டில்தான். வரலாறு சில வேளைகளில் இத்தகைய விளையாட்டுகளைச் செய்கிறது.) கலப்படமற்ற பொருளைச் சரியான நிறையிலே விற்பதும், இலாபத்தை வாங்கியவருக்கே பகிர்ந்தளிப்பதும் றொச்டேல் கடையின் நெறிகள். அவ்வழியில் வளர்ந்த கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கங்கள் 1902 இல் இலங்கையிலே நுகவெல, வெலிகங்கை என்னுந் தோட்டங்களை வாங்கின. லங்காசயர் ஆலைத் தொழிலாளி தன் சங்கக் கடையிலே வாங்கிய சங்கத்தின் சொந்தத் தேயிலை, இலங்கை மலைகளில் தமிழ்ப் பெண்கள் பறித்த கொழுந்திலிருந்து வந்ததாகும். அத்தொழிலாளிக்குக் கிடைத்த இலாபப் பங்கு, கொழுந்து பறித்தவளுக்குக் கிடைக்கவில்லை. கூட்டுறவின் எல்லை கப்பற் கரையோடு நின்றுவிட்டது என்றே கூறவேண்டும்.

இலங்கையிற் கூட்டுறவு இயக்கம் 1911 இன் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தோடு தொடங்கிற்று. குடாநாட்டு மக்கள் அதனை ஆர்வத்தோடு பற்றிக்கொண்டனர். 1930களில் மலையாளப் புகையிலை விற்பனவுச் சங்கமும் மூளாய்க் கூட்டுறவு மருத்துவமனையும் எழுந்தன. மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராயிருந்த வி. வீரசிங்கம் இவ்வியக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். இன்று கலைவிழாக்களுக்காக மாணவர் சென்றமரும் வீரசிங்கம் மண்டபம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. எனினும் சாதாரண மனிதனின் வீட்டு வாயிலுக்குக் கூட்டுறவைக் கொண்டுவந்தது இரண்டாம் உலகப்போரே. 1942 முதல் அரிசியும் சீனியும் பங்கீட்டு முறையில் வழங்கப்பட, நாடெங்கும் பண்டகசாலைச் சங்கங்கள் பெருகின. யாழ்ப்பாணத்து மக்கள் நாவில் அது ‘சங்கக்கடை’ ஆயிற்று.

சங்கக்கடை என்ற சொல்லுக்கு அன்றே இருபொருள் ஏற்பட்டுவிட்டது. ஒன்று, நியாய விலைக்கும் சரியான நிறைக்கும் உரிய இடம். மற்றொன்று, கூப்பனுக்குக் கிடைப்பதை வாய்பேசாது வாங்கிச் செல்லும் இடம். தேயிலையும் இவ்விரண்டாம் பொருளில் அகப்பட்டது. இலங்கையின் உயர்ந்த தேயிலை கப்பலேறிச் செல்ல, தூளாய் எஞ்சியது உள்ளூர்க் கடைகளுக்கு வந்தது. அத்தூளிலே கடுஞ்சாயம் இறக்கி, உள்ளங்கையிற் சீனியையோ பனங்கட்டித் துண்டையோ வைத்துக் கடித்துக் குடிக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்திலே நிலைபெற்றது. வறுமை கற்பித்த வழக்கம் அது எனச் சிலர் கூறுவர். அவ்வாறு மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. பனங்கட்டியின் கார்ப்புக் கலந்த இனிமை சாயத்தின் துவர்ப்பை நாவிலே சந்திக்கும்போது எழும் சுவை, கோப்பைக்குள் இனிப்பைக் கரைத்தால் எழுவதன்று. வசதி வந்த பின்னரும் அவ்வழக்கத்தைக் கைவிடாத முதியோர் பலர்.

இக்கட்டுரைப் பொருளின் நடுவிடம் பனையாகும். குடாநாட்டின் பழைய மலிவுக் குடிவகை பனையிலிருந்தே இறங்கியது. வில்லியம் பேர்கூசன் 1850 இல் இலங்கைப் பனை பற்றி எழுதிய நூலில், பனையின் 801 பயன்களைத் தமிழ்ப் பாடலொன்று எடுத்துரைப்பதாகக் குறித்துள்ளார். அவற்றுள் நாவுக்கு நெருக்கமானவை கருப்பநீரும் கள்ளும். பாளையைச் சீவி முட்டி கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு பூசினால், இறங்கும் சாறு புளிக்காது நின்று கருப்பநீராகிறது. பூசாவிடிற் காற்றிலும் பாளையிலும் உள்ள மதுவம் அதிலே தொழிற்பட்டு, சீனியை மதுசாரமாகவும் கரியமிலவாயுவாகவும் மாற்றக் கள் உண்டாகிறது. கருப்பநீரைத் தாச்சியிலே காய்ச்சி வற்றவைத்தாற் பனங்கட்டி. ஒரே பாளை, ஒரே கத்தி, ஒரே மனிதன். ஒரு விரற்கடைச் சுண்ணாம்பு ஒன்றைக் குழந்தைக்கும் கொடுக்கும் பானமாகவும், மற்றொன்றை மறைவிலே குடிக்கும் பானமாகவும் ஆக்கிவிடுகிறது.

கருப்பநீரிற் சீனியின் அளவு ஏறத்தாழ நூற்றுக்கு 10 முதல் 14 வரை அமையும். போத்தலில் வரும் கோலா வகைகளிலே 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 10 முதல் 11 கிராம் சீனி உண்டு. மனித நாக்கு ஏறத்தாழ இந்த இனிப்பையே நாடுகிறது போலும். வேறுபாடு யாதெனின், ஒன்று பொழுது சாய்வதற்குள் தன்மை மாறிவிடும். மற்றையது ஆண்டுக்கணக்கில் மாறாது நிற்கும். வணிகப் பெயர் என்பது மாறாமையின் மீது கட்டப்படுவது. நேற்று வாங்கியதும் இன்று வாங்கியதும் ஒன்றே என்ற உறுதியை அது விற்கிறது. கள்ளோ காலையில் இனித்து, நண்பகலிற் புளித்து, மாலையிற் கடுத்துவிடும் பொருள். அதற்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவது ஓடும் நீருக்கு முத்திரை குத்துவதை ஒக்கும்.

ஆகையினாற் கள்ளின் தரத்தை அறிய யாழ்ப்பாணத்தார் வேறொரு முறையை வகுத்தனர். இறக்கிய உடனே குடிப்பது ‘உடன்கள்’. பல மரத்துச் சாற்றோடு கலவாது ஒரு பனையிலிருந்தே பெறப்படுவது ‘தனிப்பனைக் கள்’. இன்ன வளவின் இன்ன பனை, அதனைச் சீவுபவர் இன்னார் என்பதே அதன் சின்னம். பனையோலையிற் கோலிய பிளாவிலே வார்த்துக் குடிக்கும்போது ஓலையின் மணமும் சேரும். கொம்பனியின் பெயரை நம்புவதற்குப் பதிலாக மரத்தையும் மனிதனையும் நம்பிய முறை இது. சுவை பற்றிய நுண்ணிய அறிவு எழுத்தறிவற்றோரிடமும் இருந்தமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அவ்வாறாயின் கள் எவ்வாறு தாழ்ந்த குடிவகையாயிற்று? சமயமும் ஒழுக்கநெறியும் கூறிய காரணங்கள் உண்டு. குடியினாற் கெட்ட குடும்பங்களின் துயரமும் பொய்யன்று. மதுவிலக்கு இயக்கத்தார் அத்துயரத்தைக் கண்டே பேசினர். 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிச் சட்டமும், கள்ளுக்கெனத் தனித் தவறணைகளை நாடெங்கும் திறக்கும் திட்டமும் இலங்கை முழுவதிலும் பெருங் கிளர்ச்சியை எழுப்பின. ஆயினும், அதே காலத்தில் நகரக் கழகங்களிலும் ஓய்வு விடுதிகளிலும் இறக்குமதி விஸ்கி அருந்தியோர்மீது இகழ்ச்சி அத்துணை கடுமையாக விழவில்லை. குடி இகழப்பட்டதோடு, மலிவான குடி இருமடங்காக இகழப்பட்டது. அதற்குக் காரணம் சாற்றிலே இல்லை. சீவியவரின் சாதியிலே இருந்தது.

சீவற்றொழிலாளி நாளுக்கு இருமுறை பல பனைகளில் ஏறி இறங்குகிறார். தளைநாரும் இடுப்பிலே பாளைக்கத்தியுமே அவருக்குத் துணை. தவறி வீழ்ந்து உயிரிழந்தோரும் முடமானோரும் இல்லாத கிராமத்தைக் காண்பது அரிது. இத்துணை இடருற்று இறக்கியதை, தவறணைக் குத்தகையை ஏலத்தில் எடுத்தவர் குறித்த விலைக்கே கொடுக்கவேண்டியிருந்தது. மரத்துக்கு வரி செலுத்திச் சீவும் முறை குடாநாட்டில் நடைமுறையிலிருந்த காலத்தும் வரியும் மரச்சொந்தக்காரரின் பங்கும் போக எஞ்சியது சொற்பமே. குடிப்பவன் கொடுத்த விலை மலிவு. இறக்கியவன் பெற்றது அதனிலும் மலிவு. தொட்ட கை தீண்டத்தகாதது என்றவர்கள், அக்கை இறக்கிய கருப்பநீரிற் காய்ச்சிய பனங்கட்டியைத் தயக்கமின்றி உண்டனர் என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

1970களின் முற்பகுதியில் இந்நிலையில் ஒரு பெருமாற்றம் நேர்ந்தது. சீவற்றொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டு, கள்ளைச் சேகரித்து விற்கும் உரிமை அவற்றின் கைக்கு வந்தது. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் என்ற நீண்ட பெயரை மக்கள் ‘கோப்பறேசன்’ என்று சுருக்கிக்கொண்டனர். குத்தகைக்காரரின் இடத்தில் அங்கத்தவரின் சங்கம் அமர்ந்தது. இறக்கியவருக்கு நிறுத்து அளந்து பணம், சேமிப்பு, விபத்து நேர்ந்தால் உதவி எனப் புதிய நடைமுறைகள் தோன்றின. சங்கங்கள் சில கள்ளைச் சூடேற்றி மதுவத்தை அடக்கிப் போத்தலிலே அடைத்தன. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. வடமராட்சியிலே திக்கம் வடிசாலை கூட்டுறவாளரின் கள்ளுக்குச் சாராயமாக மாறும் வழியைத் திறந்தது. றொச்டேல் நெசவாளர் கண்ட நெறி, கப்பற்கரையைக் கடந்து, நுகர்வோனை விட்டு உற்பத்தியாளனின் கைக்கு யாழ்ப்பாணத்திலே வந்துசேர்ந்தது என்று கூறுதல் மிகையாகாது.

போத்தற்கள்ளின் சுவை பற்றி அன்றிலிருந்து இன்றுவரை ஒரு முறைப்பாடு உண்டு. உடன்கள்ளின் துடிப்பு அதிலில்லை என்பர். முறைப்பாட்டில் நியாயம் உண்டு. உயிருள்ள பானத்தைச் சூடேற்றி உறங்கவைத்தால் அதன் மணங்களிற் சில நீங்கவே செய்யும். ஆனால் தை, மாசி தொட்டு ஆடி, ஆவணி வரை மட்டுமே வளமாகப் பாயும் பாளையை நம்பி ஆண்டு முழுவதும் ஒரு தொழிலாளி வாழ்தல் வேண்டுமாயின், சாற்றை நிறுத்திவைக்கும் வழி ஒன்று இன்றியமையாதது. சுவைஞனின் கண்ணோடு நோக்கிப் போத்தலைக் குறைகூறுபவர், சீவற்றொழிலாளியின் ஆவணிக்குப் பிந்திய அடுப்பையும் ஒருமுறை நோக்குதல் நன்று.

மென்பானங்களின் கதை சற்று வேறு. 1866 இற் பனிக்கட்டிக் கொம்பனியாகக் கொழும்பிலே தொடங்கி வளர்ந்த நிறுவனத்தின் யானைச் சின்னச் சோடாக்கள் இலங்கை முழுவதிலும் விருந்துப் பொருளாயின. கலியாண வீட்டிற் கிறீம் சோடா உடைத்தல் மதிப்பின் அடையாளம். உள்ளூர்ச் சோடாக் கொம்பனிகளோ சிறு கொட்டில்களிலே இயங்கின. நீர், சீனி, புளிப்பு, வாயு என்ற நான்கினாலும் ஆனவை இரண்டும். ஆயினும் விருந்தினர்க்கு ஒன்றும், தோட்டத்துக் கூலியாளுக்கு மற்றொன்றும் கொடுக்கப்பட்டன. 1970க்கும் 1977க்கும் இடையே இறக்குமதிக் கட்டுப்பாட்டினாற் சீனி அருகியபோது பனங்கட்டி மீண்டும் மதிப்புற்றது. 1977 இல் வாயில்கள் திறக்க, அம்மதிப்பு மீண்டும் தளர்ந்தது.

பெயரோடு கூடிய உள்ளூர்க் குடிவகைக்குத் தோலகட்டி ஒரு நல்ல எடுத்துக்காட்டு. 1928 இல் அருட்டந்தை பி. ஏ. தோமஸ் அங்கு நிறுவிய செபமாலைத் தாசர் சபையின் துறவியர் உழைத்துண்ணும் நெறியினர். அவர்களது நெல்லிரசமும் முந்திரிகை இரசமும் சமய வேறுபாடின்றிக் குடாநாட்டு வீடுகளிற் புகுந்தன. விளம்பரம் எதுவுமின்றி, செய்வோரின் நேர்மைமீது கொண்ட நம்பிக்கையே அதன் சின்னமாயிற்று. 1990க்குப் பின் வசாவிளான் வட்டாரம் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டு மக்கள் இடம்பெயர்ந்த காலத்தும் ‘தோலகட்டி நெல்லிரசம்’ என்ற பெயர் அழியவில்லை.

அதே ஆண்டிலிருந்து வடக்கின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை, சுவையின் மதிப்பைத் தலைகீழாகப் புரட்டியது. தெற்கிலிருந்து பொருள்கள் வருவது அரிதாயிற்று. வந்தவற்றின் விலையில் நீண்ட வழியும் ஏற்றுக்கூலியும் தட்டுப்பாடும் ஏறி நின்றன. சர்பத்தும் நெல்லிரசமும் பனங்கட்டித் தேநீரும் ஏழைக்கும் செல்வர்க்கும் பொதுவாயின. 2002 இல் ஏ-9 வீதி திறந்தபோது வண்ணப் போத்தல்கள் நிரையாக வந்திறங்கின. 2006 இல் வீதி மூடப்பட மீண்டும் மறைந்தன. ஒரு தலைமுறைச் சிறுவர்க்குக் கோலா என்பது சுவையாக அறிமுகமாகுமுன் வீதி திறந்திருப்பதன் அறிகுறியாகவே அறிமுகமாயிற்று.

போரின் பின், 2013 இல் யாழ் நகரிலே காகில்ஸ் சதுக்கம் திறக்கப்பட்டது. பேரங்காடி முறை குடாநாட்டில் ஊன்றியது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஐரோப்பாவிற் கடையின் சொந்தச் சரக்கு வெறுமையான உறையோடு மலிவுத்தட்டில் இருக்கும். இலங்கையிலோ காகில்சுக்குரிய ‘கிஸ்ற்’ பானங்கள் தனிப்பெயர் பூண்டு நிற்கின்றன. யானைச் சின்னத்தை உடைய நிறுவனக் குழுமமே கீல்ஸ் பேரங்காடிகளையும் உடையது. வாங்குபவர் கடையின் சொந்தச் சரக்கை வாங்குகிறோம் என்று அறியாமலே அதனை வாங்குகிறார். 2016 இற் போத்தல்களிலே சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை வட்டங்களும், 2017 இற் சீனிக்கான வரியும் வந்தன. அவ்வட்டத்தைக் கருப்பநீர் முட்டியிலே ஒட்ட நேரின் அதுவும் செம்மஞ்சளாகவோ சிவப்பாகவோதான் இருக்கும்!

பெயரே சுவையாகும் விந்தையை அயல்நாட்டு நிகழ்ச்சிகள் நன்கு விளக்குகின்றன. 1985 ஏப்ரிலிற் கொக்காக்கோலா நிறுவனம் தன் கலவையை மாற்றியது. மாற்றுமுன் ஏறத்தாழ 200,000 பேருக்குப் பெயர் மறைத்துக் கொடுத்துச் சோதித்தது. புதியதே நன்று என்று நாக்குகள் கூறின. ஆயினும் மக்கள் பழையதைக் கேட்டுக் கிளர்ந்தெழ, அதே ஆண்டு யூலையிற் பழையது மீண்டது. 2004 இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், பெயரறியாது குடிக்கும்போது கொக்காக்கோலாவுக்கும் பெப்சிக்கும் ஏறத்தாழச் சமமாகப் பிரியும் விருப்பம், கொக்காக்கோலாவின் பெயரைக் காட்டியதும் அதன்பாற் சாய்வதையும் மூளையின் செயற்பாடு அதற்கேற்ப மாறுவதையும் காட்டினர். இதனை யாழ்ப்பாணத்துக்குப் பொருத்தி நோக்கின், கண்ணாடிக் குவளையில் ஊற்றியதையும் தவறணைப் பிளாவில் வார்த்ததையும் ஒரே நாக்கு இருவேறு சுவையாகக் கண்டதில் வியப்பில்லை. சாதியும் ஒரு பெயர்ச்சீட்டாகவே தொழிற்பட்டது.

இதற்கு மாறான சான்றும் இம்மண்ணிலேயே உண்டு. நல்லூர்த் திருவிழாவிலும் வல்லிபுரக் கோயிலிலும் தண்ணீர்ப்பந்தல்களில் மோரும் சர்க்கரைத் தண்ணீரும் இலவசமாக வழங்கப்படுகின்றன. விலையே இல்லாத அப்பானத்தைச் சுவையற்றது என்று இகழ்ந்தவர் எவரும் இலர். வரிசையில் நின்று இரண்டாம் முறையும் வாங்கிக் குடிப்பர். மலிவு என்பது சுவையைக் கெடுப்பதில்லை. மலிவுக்குக் காரணமானவர்மீது கொண்ட இழிவெண்ணமே கெடுக்கிறது.

யாழ்ப்பாணத்தார் பெருந்தொகையாகக் குடியேறிய ரொறன்ரோ நகரிலே 1990களின் தொடக்கத்தில் லொப்லோஸ் பேரங்காடி தன் சொந்தக் கோலாவை மலிவாக விற்கத் தொடங்கியது. அதனைச் செய்து கொடுத்த கொற் நிறுவனம் றோயல் கிரவுண் நிறுவனத்தின் சாற்றையே பயன்படுத்தியது. 1994 இல் இலண்டனில் செயின்ஸ்பரி கடைகளும் அதே கொற் நிறுவனத்தைக் கொண்டு தம் கோலாவை வெளியிட்டன. உறை தன் உறையைப் போன்றது எனக் கொக்காக்கோலா முறையிட, உறை மாற்றப்பட்டது. ஆயினும் அக்கடைகளில் விற்பனையான கோலாவிற் பெரும்பங்கை அது கைப்பற்றியது. அந்நகரங்களிலே வாழும் குடாநாட்டுக் குடும்பங்கள் பிறந்தநாள் விழாக்களுக்கு இம்மலிவுப் போத்தல்களைத் தயக்கமின்றி வாங்குகின்றன. அதே குடும்பங்கள் தமிழ்க் கடையிலே சீனியிலும் பலமடங்கு விலைகொடுத்து, பெயர்ச்சீட்டு எதுவும் இல்லாத பனையோலைக் குட்டானிற் பனங்கட்டி வாங்கித் தேநீரோடு கடித்துக் குடிக்கின்றன. அக்குட்டானுக்குரிய பனையைச் சீவியவர் இன்னும் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறார்.